புதுச் செருப்பு மட்டுமா... புது சீட்டும் கடிக்கும்!

ஆலங்காயத்தைத் தாண்டி காவலூர் மலை ஏறிக்கொண்டிருந்தேன். கால் ஓடியது, மூச்சும் ஓடியது. உட்காரும் இடம்தான் ஓடவில்லை. முதலில் வலி, அப்புறம் எரிச்சல், அதற்கப்புறம் ஒன்றுமே தெரியாத மரமரப்பு. இறங்கி நின்று பத்து நிமிடம் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் அந்த சைக்கிள் எங்கள் ஆம்பூர் வீட்டு நடையில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருந்தது.

எனக்கு வயது 44. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "மாத்திரை வேண்டாம் என்றால் உடம்பை அசையுங்கள்" என்று டாக்டர் சொன்னார். நடைப்பயிற்சி முட்டிக்கு ஒத்துவரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போன பழக்கம் இருக்கிறதே என்று தைரியமாக ஒரு கிராவல் பைக் வாங்கினேன்.

அது என்ன கிராவல் பைக்? பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் பார் வளைந்திருக்கும். ஆனால், டயர் அகலம். என்னுடையது 40 மி.மீ. தார் ரோடும் போகும், ஏரிக்கரையும் போகும், ஜல்லி கொட்டிய ரோட்டிலும் போகும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006 முதல் ஜல்லி ரோட்டில் 200 மைல், அதாவது 320 கி.மீ. பந்தயமே நடக்கிறது. நமக்குப் பந்தயம் வேண்டாம். நெடுஞ்சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டாமல் ஊருக்குள்ளேயே, வயல் ஓரமாகப் போக இது வசதி, அவ்வளவுதான்.

இந்த சைக்கிள் மறுபடி ஓடவில்லை என்றால் அடுத்தது மாத்திரைதான். அதனால்தான் சீட் விஷயத்தை விடாமல் பிடித்தேன்.

மெத்தென்று இருந்தால் போதுமா?

வலித்தால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஜெல் வைத்த சீட் கவர் ஒன்று வாங்கி மாட்டினேன். கடையில் அழுத்திப் பார்த்தபோது அல்வா மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் முன்பைவிட மோசமாக மரத்துப்போனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நம் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. கெட்டியான பெஞ்சில் உட்கார்ந்தால் தட்டுப்படுமே, அவைதான். உடம்பின் எடையை அந்த இரண்டும்தான் தாங்க வேண்டும். மெத்தை ரொம்ப மிருதுவாக இருந்தால் அவை உள்ளே புதைந்துவிடும். நடுவில் இருக்கும் பகுதி மேலே எழும்பி, மென்மையான தசையையும் அங்கே ஓடும் நரம்பு, ரத்தக்குழாய்களையும் அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். இது ஆண், பெண் இருவருக்கும் வரும். பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கி சைக்கிளையே விட்டுவிடுகிறோம், நான் விட்ட மாதிரி.

ஆகவே, தேவை மெத்தை அல்ல, தாங்கல். விசாரித்ததில் நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் சிலர் 'தோல் சீட்' என்றார்கள். தோல் ஊரில் பிறந்துவிட்டு இதை வெளியூர்க்காரர்கள் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது!

நைனாவின் கட்டைவிரல் பரிசோதனை

சீட் பார்சலில் வந்தது. விலையைச் சொன்னால் திட்டு விழும் என்று பில்லை ஒளித்து வைத்தேன். நைனா பில்லைக் கேட்கவில்லை. சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் டேனரியில் வேலை செய்த மனிதர். முதலில் முகர்ந்தார். அப்புறம் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் நடுவில் ஒரு அழுத்து.

"பட்டைத் தோலும்மா இது. குரோம் இல்ல. நல்ல கனமாட்டுத் தோலு."

"எப்படி நைனா சொல்றே?"

"குரோம்ல போட்டா உள்ள நீலம் ஓடும். இது வெட்டின எடத்துல பழுப்பா கீது பாரு. வாசனையும் பட்டை வாசனை."

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக இருக்கும் ஊர்களுக்குத் தோல்தான் சோறு. பதனிடுவதில் இரண்டு வழி. பழைய வழி, மரப்பட்டை. நம் பக்கத்து ஆவாரம்பட்டை இதற்குப் பேர்போனது. பட்டையின் துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகாமல் காக்கிறது. பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். கடுக்காயும் சேரும். அப்படிப் பதனிட்ட தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. புதிய வழி, குரோமியம் உப்பு. வேலை சீக்கிரம் முடியும். தோல் மிருதுவாக வளையும். இன்று உலகத்தில் பெரும்பாலான ஷூவுக்கு மேல்தோல் இதுதான்.

"ஷூவுக்கு குரோம் சரி. உக்கார்றதுக்கு ஆவாது. இழுத்தா இழுத்த பக்கம் போவும், திரும்ப வந்துடும். பட்டைத் தோலு அப்படி இல்ல. சூடும் ஈரமும் பட்டு ஒருக்கா ஒரு உருவத்துக்கு வந்துட்டா அதுலயே நிக்கும். புதுச் செருப்பு கடிக்குதுன்னு தூக்கியா போட்டுடறோம்? நாலு நாள் போனா காலுக்கு ஒக்காந்துடும். இதுவும் அப்படித்தான்."

இதைவிட எளிமையாகத் தோல் சீட்டை எனக்கு யாரும் விளக்கவில்லை.

குதிரை செத்ததால் பிறந்த சீட்

தோல் சீட்டுக்குப் பேர்போன கம்பெனி இங்கிலாந்தின் புரூக்ஸ். ஜான் புரூக்ஸ் என்பவர் 1866-ல் பர்மிங்காமில் குதிரைக்கான தோல் சாமான் தொழில் ஆரம்பித்தார். 1878-ல் அவருடைய குதிரை செத்துப்போக, வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்றும், அதன் சீட் படுத்திய பாட்டில்தான் புது சீட் செய்யக் கிளம்பினார் என்றும் சொல்கிறார்கள். 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தக் கம்பெனியின் 'பி17' என்ற சீட் 1890-களில் இருந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

அமைப்பு நம் நாடா கட்டில் மாதிரிதான். இரும்புச் சட்டத்தின் முன் முனையிலும் பின் விளிம்பிலும் தோலை இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அடியில் பஞ்சு கிடையாது, வெறும் காற்று. உட்கார்ந்தால் தோல் தொட்டில்போல வாங்கிக்கொள்ளும். கட்டில் நாடா தளர்ந்தால் இழுத்துக் கட்டுவதுபோல, சீட்டின் மூக்குக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. வருஷங்கள் போய்த் தொய்ந்தால் அதைக் கொஞ்சம் முறுக்கலாம்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. முருகப்பா குழுமமும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸில்தான் நைனா வேலைக்குப் போனார். அதில் ஸ்பிரிங் வைத்த தோல் சீட். "மழைக்கு சட்டையைக் கழட்டி சீட்டு மேல போட்டுட்டு நான் நனைஞ்சேன்" என்றார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பிறகு எனக்கே அந்த நிலை வந்தது.

மூன்று வாரம், முந்நூறு கிலோமீட்டர்

முதலில் அளவு. மடிப்பு மடிப்பாக இருக்கும் அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை ஸ்டூலில் போட்டு, கால்களைத் தூக்கி, சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தால் இரண்டு குழிகள். ஒரு குழியின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு 12.5 செ.மீ. சாதாரண சீட் என்றால் இதோடு இரண்டு, மூன்று செ.மீ. கூடுதல் அகலம் போதும். தோல் சீட்டின் பின் ஓரத்தில் இரும்பும் ரிவெட்டும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் வேண்டும். என்னுடையது 17 செ.மீ.

முதல் நாள், ஏரிக்கரையில் 8 கி.மீ. மரப்பலகையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மறுநாள் உட்காரும் எலும்பு இரண்டும் வலித்தன. ஆனால், மரத்துப்போகவில்லை! வலி வேறு, மரமரப்பு வேறு என்று அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். வலி பழகினால் குறையும். மரமரப்பை மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

நாலாம் நாள் 20 கி.மீ. முன்பக்கம் மறுபடி மரத்தது. நொந்துபோய் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சீட்டைப் பார்த்ததுமே சிரித்தார். "மூக்கு மேல தூக்கியிருக்குக்கா." ஒரு ரசமட்டம் வைத்துக் காட்டினார். அலன் கீயால் போல்ட்டைத் தளர்த்தி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். உயரத்தையும் பார்த்தார். குதிகாலை பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். எனக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சீட் ஒரு செ.மீ. இறங்கியது.

அப்போது ஒரு சந்தேகம். குற்றம் பழைய சீட்டிலா, மட்டத்திலா? பழைய சீட்டையே மாட்டி, மட்டம் பார்த்து, இரண்டு நாள் ஓட்டினேன். முக்கால் மணி நேரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் பழைய கதை. ஆக, பாதிக் குற்றம் என்னுடையது, மீதி சீட்டினுடையது. தினமும் அரை மணி ஓட்டுபவர் என்றால் புது சீட் வாங்கவே வேண்டாம், மட்டம் பார்த்தால் போதும். இந்த உண்மையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரண்டாவது வாரம் மாதனூர் பக்கம் போய்த் திரும்பும்போது மழை. பட்டைத் தோலுக்கு மழை எதிரி. நனைந்தபடி அதன் மேல் உட்கார்ந்தால் கண்டபடி தொய்ந்துவிடும். சைக்கிளைப் புளியமரத்தடியில் நிறுத்தி, துப்பட்டாவைச் சுற்றினேன். நான் நனைந்தேன். வீட்டில் நைனா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். இப்போது ஒரு பிளாஸ்டிக் பை எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

ஓட்டும்போதெல்லாம் பாலாறு கூடவே வருகிறது. தோல் எங்களுக்குச் சோறு போட்டது. அதே தோல்கழிவுதான் இந்த ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு தர வேண்டும்' என்பதை இந்திய சட்டத்தில் ஊன்றியது. பட்டையில் பதனிட்டாலும் உப்பும் கழிவும் உண்டு. அதனால், வாங்கிய தோலை இருபது வருஷம் உழைக்க வைப்பதுதான் என்னால் முடிந்த நியாயம்.

சீட் மாற்றப்போகிறீர்களா?

* முதலில் பழைய சீட்டின் மட்டம், உயரம் இரண்டையும் சரிபாருங்கள். காசு செலவில்லை.

* அட்டையில் உட்கார்ந்து அளவெடுங்கள். மெத்தையைவிட அகலம் முக்கியம்.

* தோல் சீட் என்றால் முதல் இரண்டு வாரம் குறைந்த தூரமே ஓட்டுங்கள். அதற்கான மெழுகைக் கொஞ்சமாகத் தடவுங்கள். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்துவிடும்.

* நனைந்தால் நிழலில் தானாகக் காயவிடுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள்.

* தோல் வேண்டாம் என்பவர்களுக்கு ரப்பர், துணியில் செய்த சீட்டுகளும், நடுவில் பள்ளம் வெட்டிய சீட்டுகளும் உண்டு.

* பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். தையல் உராயாது. நான் அதன் மேல் சுடிதார் போட்டுக்கொள்கிறேன்.

* பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று பெடல் போடுங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடியும் காவலூர்

முந்நூறு கி.மீ. தாண்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். வாணியம்பாடி, ஆலங்காயம், பிறகு ஜவ்வாது மலைக்காடு. போன தடவை திரும்பிய வளைவில் வேண்டுமென்றே நின்று தண்ணீர் குடித்தேன். கால் வலித்தது. முதுகு வலித்தது. உட்கார்ந்த இடம் மட்டும் பேசாமல் இருந்தது. வைனு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கோபுரம் மரங்களுக்கு மேல் தெரிந்தபோது மணி பத்தே கால்.

மாலையில் வீடு திரும்பினேன். நைனா சைக்கிளை வாங்கி நிறுத்தினார். சீட்டைத் துடைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரலை வைத்தார். பின்பக்கம் லேசாக இரண்டு குழிகள். அட்டையில் விழுந்த அதே இரண்டு.

"ஒக்காந்துடுச்சும்மா. இனிமே இதை வேற யாருக்கும் குடுக்காத. அவங்களைக் கடிக்கும்."