'தோத்தா டபுள் பண்ணு!' - குதிரைப் பந்தய ஃபார்முலா... கணக்கு எங்கே உதைக்கிறது?

"முதல் ரேஸ்ல 100 ரூபாய் கட்டு. தோத்தா அடுத்ததுல 200. அதுவும் போச்சா, 400. என்னைக்காவது ஜெயிச்சுத்தானே ஆகணும்? அப்போ விட்டதெல்லாம் திரும்பி வந்து, மேல 100 ரூபாய் லாபம்!"

குதிரைப் பந்தயம் ஆடுபவர்கள் மத்தியில் காலம் காலமாகச் சுற்றிவரும் ஃபார்முலா இது. 18-ம் நூற்றாண்டு பிரான்ஸ் சூதாட்ட மேஜைகளிலேயே பிரபலம். 'மார்ட்டிங்கேல்' என்று பெயர். கேட்கும்போது தோற்கவே வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால், பேனா எடுத்துக் கணக்குப் போட்டால்?

100 ரூபாய்க்காக 1 லட்சம்!

100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800, 25,600, 51,200. தொடர்ந்து 10 முறை தோற்றால் கையைவிட்டுப் போனது 1,02,300 ரூபாய். 11-வது பந்தயத்துக்கு இன்னும் 1,02,400 ரூபாய் வேண்டும். அதில் ஜெயித்தாலும் மிஞ்சும் லாபம் அதே 100 ரூபாய்தான்.

'தொடர்ந்து 10 முறை யாராவது தோற்பார்களா?' என்கிறீர்களா... நாணயம் சுண்டுவதுபோல சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில், 1,024 சுற்றுகளில் ஒருமுறை அப்படி நடக்கும். மற்ற 1,023 சுற்றிலும் தலா 100 ரூபாய் ஜெயித்தால் 1,02,300 ரூபாய். அந்த ஒரே சுற்றில் தோற்பதும் 1,02,300 ரூபாய். ஆக, கூட்டிக் கழித்தால் பூஜ்யம்!

ரேஸ் அந்த நாணயத்தைவிட மோசம். நீங்கள் கட்டும் குதிரை மூன்றில் ஒருமுறை ஜெயிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தொடர்ந்து 10 தோல்வி வருவதற்கான வாய்ப்பு, 58-ல் ஒன்று.

ஜெயித்தாலும் முழுசாக வராது

'டோட்' முறையில் எல்லோரும் கட்டிய பணமும் ஒன்றாகச் சேரும். அதில் நடத்துபவர்களின் பங்கு போக மீதிதான் ஜெயித்தவர்களுக்கு. கூடவே ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தின் முழுத் தொகை மீதும் 28% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40% ஆகிவிட்டது. பந்தயத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் வரியும் இரட்டிப்பாகிறது. பூஜ்யத்தில் நின்ற கணக்கு நஷ்டத்தில் இறங்குவது இங்கேதான்.

"ரேஸ் திறமை விளையாட்டாச்சே?"

ஆமாம், சென்னை கிண்டி ரேஸ் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் திறமை, குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, தூரம் எல்லாம் பார்த்துக் கணிப்பதில் இருக்கிறது. இரட்டிப்பு ஃபார்முலாவுக்கு எந்தக் குதிரை ஓடுகிறது என்பதே தேவையில்லை. நீங்கள் முன்பு தோற்றது அடுத்து ஓடும் குதிரைக்குத் தெரியவும் தெரியாது.

தோற்றால் ஒரு படி கூட்டி, ஜெயித்தால் ஒரு படி குறைக்கும் 'டி'அலம்பெர்ட்' போன்ற நிதானமான முறைகளும் உண்டு. அவற்றில் பணம் கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான்.

ஜெயிப்பதுதான் ஆபத்து

இந்த ஃபார்முலாவில் ஆரம்பத்தில் அடிக்கடி 100, 100 என்று வரும். 'நமக்கு வொர்க் அவுட் ஆகுது' என்ற நம்பிக்கையும் கூடவே வளரும். பிறகு ஒருநாள் வரிசையாகத் தோல்வி. எட்டாவது, ஒன்பதாவது பந்தயத்துக்குக் கட்டுவது பாக்கெட் பணமாக இருக்காது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸாகவோ, அடகு வைத்த நகையாகவோ, கைமாற்று வாங்கியதாகவோ இருக்கும். 'இப்போ நிறுத்தினா எல்லாம் போச்சு' என்று தொடரச் சொல்வதும் அதே ஃபார்முலாதான்.

விட்டதைப் பிடிக்க மறுபடி பணம் கட்டுகிறீர்களா? வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்குகிறீர்களா? முதலில் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மனஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். உங்கள் வீட்டில் வேறு யாராவது இப்படிச் சிக்கியிருந்தாலும், அவர்களுக்காக நீங்களே பேசலாம்.