ஆள் யாரென்று தெரிந்த பிறகும் மூன்று எபிசோட்

‘அடலசென்ஸ்’ தொடரை முதல் எபிசோடோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பையன்தான் குத்தினான் என்று வீடியோவிலேயே போட்டுக் காட்டிவிட்டார்கள், மிச்சமிருக்கிற மூன்று எபிசோடில் எதைப் பார்க்கச் சொல்கிறாய்? நியாயமான கேள்வி. கொலைக் கதை என்றால் கடைசிப் பக்கம் வரை ஆளை மறைத்து வைக்கவேண்டும் என்று பழகியவர்கள் நாம். டீ சூடாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறேன், கொஞ்சம் நீளும். கதை முழுவதும் வெளியே வந்துவிடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே வாருங்கள்.

2025 மார்ச் 13 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு எபிசோட் தொடர் இது. எழுதியவர்கள் ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும். இயக்கம் ஃபிலிப் பாரன்டினி. வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். விடியற்காலையில் ஆயுதம் ஏந்திய போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த ஜேமி மில்லரைக் கைது செய்கிறது. வயது 13. பயத்தில் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. கூடப் படித்த கேட்டி என்ற பெண்ணைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அப்பா எடி ஒரு பிளம்பர். அந்த வேடத்தில் ஸ்டீபன் கிரஹாமே நடித்திருக்கிறார்.

ஆளை மறைத்து வைத்தே ஓட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு அதே நாட்டில் பெரிய உதாரணம் இருக்கிறது. பிபிசியின் ‘லைன் ஆஃப் டியூட்டி’ 2012-இல் தொடங்கியது. லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களைப் பிடிக்கும் போலீஸ் பிரிவைப் பற்றிய தொடர். உள்ளே உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிவைக்கும் அந்த மேலதிகாரி யார் என்று வருடக்கணக்கில் ரசிகர்களைத் தவிக்க விட்டார்கள். ஆறாவது சீசனின் கடைசி எபிசோட் 2021 மே 2 அன்று ஒளிபரப்பானபோது 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது பக்கெல்ஸ். எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவர் என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்த அதிகாரி. நாடே கோபித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அந்த முடிவில் தப்பே இல்லை. ஒரு துறை கெட்டுப்போவதற்குப் பெரிய மூளைக்காரன் எவனும் வேண்டாம், சோம்பேறித்தனமும் பேராசையும் போதும் என்று சொன்ன நேர்மையான முடிவு அது. ஆனால் பெரிய ஆள் வரப்போகிறான் என்று ஆறு சீசன் ஆசை காட்டிவிட்டு இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

‘ஹேப்பி வேலி’ அந்த வலையில் விழவே இல்லை. சாலி வெயின்ரைட் எழுதியது. 2023 பிப்ரவரியில் முடிந்தது. டாமி லீ ராய்ஸ் கெட்டவன் என்பதில் முதல் சீசனிலிருந்தே யாருக்கும் சந்தேகமில்லை. அவனுடைய ரத்தத்தில் பிறந்து, போலீஸ்காரப் பாட்டி கேதரீனிடம் வளரும் ரையன் என்னவாக வளர்வான் என்பதுதான் பார்ப்பவர்களை உட்கார வைத்தது. கடைசி மோதல்கூட ஒரு சமையலறை மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவதுதான். இன்னும் பின்னால் போனால் அமெரிக்காவின் ‘கொலம்போ’. அதில் கொலைகாரனை முதலிலேயே காட்டிவிடுவார்கள், அழுக்குக் கோட்டு லெஃப்டினன்ட் அவனை எப்படி மடக்குகிறார் என்பதே ஆட்டம். ஆக, ஆளை முதலில் சொல்லிவிடுவது புது வித்தையல்ல. சொன்ன கையோடு, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றைப் பார்ப்பவர் மடியில் வைக்கத் தெரியவேண்டும். ‘அடலசென்ஸ்’ எபிசோடுக்கு ஒன்று வைக்கிறது.

முதல் எபிசோடின் கேள்வி அப்பாவுடையது. இங்கிலாந்தில் 10 வயதிலிருந்தே ஒரு பிள்ளை மீது குற்ற வழக்குப் போடலாம். ஆனால் சிறுவனை விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாகவேண்டும் என்பது விதி. ஜேமி அப்பாவைத்தான் கேட்கிறான். அந்த ஒரு விதியிலிருந்து முழு எபிசோடும் பிறக்கிறது. கைரேகை, ரத்தம் எடுப்பது, வக்கீலின் அறிவுரை எல்லாவற்றுக்கும் எடி சாட்சி. பையனின் உடையைக் களைந்து சோதிக்கும்போது கேமரா பையன் பக்கம் திரும்புவதே இல்லை, அப்பாவின் முகத்திலேயே நிற்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் பேசி விளக்கவேண்டியதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. விசாரணைக்கு முன்னால், நீ செய்தாயா என்று ஒரே ஒரு தடவை மகனைக் கேட்கிறார். இல்லை என்கிறான். நம்புகிறார். பிறகு போலீஸ் அந்த வீடியோவைப் போடுகிறது. மகன் தொட வரும்போது எடியின் உடம்பு தானாகப் பின்வாங்குகிறது. அடுத்த நொடி கட்டிக்கொண்டு அழுகிறார். பின்வாங்கிய அந்த நொடிதான் எனக்கு முக்கியம். அதை நடிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாகவேண்டும். நான்கு எபிசோடும் தனித்தனியே ஒரே ஷாட். ஆரம்பத்தில் ஓடத் தொடங்கும் கேமரா முடிவில்தான் நிற்கிறது, நடுவில் வெட்டும் ஒட்டும் கிடையாது. ஒவ்வொரு எபிசோடுக்கும் மூன்று வாரம்: நடிகர்கள் ஒத்திகை, பிறகு கேமராவோடு ஒத்திகை, கடைசி வாரம் படப்பிடிப்பு. நாளுக்கு இரண்டு டேக் என்பது திட்டம். முதல் எபிசோடில் நாம் பார்ப்பது இரண்டாவது டேக். இரண்டாம் எபிசோடில் பதின்மூன்றாவது, மூன்றாவதில் பதினொன்றாவது, நான்காவதில் பதினாறாவது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒருவர் வசனத்தை மறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸின் குழு கேமராவைக் கைமாற்றிக் கைமாற்றியே எடுத்திருக்கிறது. ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவருவார், வண்டிக்குள் இருப்பவர் வாங்கிக்கொள்வார். மில்லர் வீட்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் பயணத்தையும் வெட்ட முடியாது என்பதால், ஸ்டேஷன் செட் போட்ட ஸ்டுடியோவுக்குச் சில நிமிட தூரத்திலேயே வீட்டைத் தேடிப் பிடித்தார்கள்.

இதெல்லாம் வெறும் சாகசம்தானே என்று கேட்கலாம். வழக்கமான கிரைம் தொடரில் கைது செய்தவுடன் அடுத்த காட்சி விசாரணை அறை. நடுவில் இருக்கும் வண்டிப் பயணமும் காத்திருப்பும் படிவங்களும் எடிட்டிங் மேசையில் போய்விடும். அந்த நேரத்தில்தான் ஒரு குடும்பம் உடைகிறது என்பதை வெட்டுகிற தொடர் காட்டவே முடியாது. வெட்டாத கேமரா நம்மையும் அந்த வண்டியில் ஏற்றி, அழுகிற பையனுக்கு எதிரே உட்கார வைத்துவிடுகிறது. இறங்க வழியில்லை.

ஆனாலும் இரண்டாம் எபிசோடில் சாகசம் கதையை மிஞ்சிவிட்டது என்பது என் கட்சி. சம்பவம் நடந்து மூன்றாம் நாள். கத்தி எங்கே, காரணம் என்ன என்று தேடி இன்ஸ்பெக்டர் பாஸ்கோம்பும் சார்ஜென்ட் மிஷா ஃபிராங்கும் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளி முழுக்க இரைச்சல், எந்த ஆசிரியருக்கும் பிள்ளைகள் அடங்குவதில்லை. அந்த இரைச்சலைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நல்ல காட்சி ஒன்றே ஒன்று: அதே பள்ளியில் படிக்கும் இன்ஸ்பெக்டரின் மகன் ஆடம் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, கேட்டி ஜேமியின் இன்ஸ்டாகிராமில் போட்ட குட்டிப் படங்களுக்கு அர்த்தம் சொல்கிறான். அவள் நட்பாகப் பேசியிருக்கிறாள் என்று போலீஸ் நினைத்துக்கொண்டிருந்தது. உன்னை எந்தப் பெண்ணும் சீண்டமாட்டாள் என்று அவள் கேலி செய்திருக்கிறாள் என்று மகன் விளக்குகிறான். அப்பாவுக்குத் துப்புக் கிடைத்த மகிழ்ச்சி. மகனுக்கோ, இவ்வளவு விவரமில்லாத அப்பா தன் நண்பர்கள் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்ற சங்கடம். கொலை வழக்கே தெரியாத வீடுகளிலும் இந்தக் காட்சி நடக்கும்.

எபிசோடின் முடிவில் கேமரா ட்ரோனில் ஏறி, ஊருக்கு மேலே பறந்து, கேட்டி இறந்த இடத்தில் இறங்குகிறது. அங்கே எடி பூ வைக்க வந்திருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்த ஷாட். எனக்கு அந்த இடத்தில் எடி மனதில் வரவில்லை, கேமராவை ட்ரோனில் மாட்டினவர் யார் என்ற யோசனைதான் வந்தது. ஒரு காட்சிக்கு இதைவிடக் கெட்ட சேதி இல்லை.

மூன்றாம் எபிசோட் நேர் எதிர். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு பேர். ஏழு மாதம் கடந்திருக்கிறது. சிறுவர்களை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு உளவியலாளர் பிரியனி வருகிறார். நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. சாக்லேட் பானமும் ஒரு சாண்ட்விச்சில் பாதியும் கொண்டு வந்திருக்கிறார். குற்றத்தைப் பற்றிக் கேட்பதேயில்லை என்று சொல்லலாம். உன் அப்பா எப்படி, தாத்தா எப்படி, ஆண் என்றால் உனக்கு என்ன என்று சுற்றி வருகிறார். பிரிட்டிஷ் கிரைம் தொடருக்கு விசாரணை அறைதான் கர்ப்பகிருகம். ‘லைன் ஆஃப் டியூட்டி’யில் ரெக்கார்டர் நீளமாகக் கூவும்போதே ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த அறையில் கேட்பவர் கையில் ஆதாரம் இருக்கும், பதில் சொல்பவர் அதிலிருந்து தப்பிக்கப் பார்ப்பார். இங்கே பிரியனி கையில் ஆதாரம் எதுவுமில்லை, அது அவருக்குத் தேவையும் இல்லை. பையன் செய்தான் என்று தெரியும். செய்தது என்ன என்று பையனுக்குத் தெரியுமா என்பதே அவர் தேடுவது.

ஜேமி முதலில் குழந்தையாக இருக்கிறான், சிரிக்கிறான், கொட்டாவிகூட விடுகிறான். அந்தக் கொட்டாவி நிஜமாகவே வந்தது என்கிறார்கள். பிரியனியாக நடித்த எரின் டோஹர்ட்டி உடனே அதைப் பிடித்துக்கொண்டு, நான் அறுக்கிறேனா என்று கேட்க, அது அப்படியே படத்தில் நின்றுவிட்டது. பிறகு கோபம் வருகிறது. கோப்பை பறக்கிறது. அவருக்கு எதிரே ஓங்கி நின்றுகொண்டு, ஒரு பையனைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களே என்று கிண்டலடிக்கிறான். நான் அழகில்லை என்று சொல்லிவிட்டு, அவர் மறுப்பார் என்று காத்திருக்கிறான். அவர் மறுக்கவில்லை. கேட்டியின் அந்தரங்கப் படம் பள்ளியில் பரவி அவள் அவமானப்பட்டிருந்த நேரம் பார்த்து, இப்போது கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் எனக் கணக்குப் போட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறான். இதைத் தப்பு என்ற நினைப்பே இல்லாமல் சொல்கிறான். கத்தியோடு நின்றபோது அவளைத் தொட்டிருக்கலாம், தொடவில்லை, அந்த வகையில் நான் மற்றவர்களைவிட நல்லவன் என்று வாதாடுகிறான். வாக்குமூலம் தானாக வெளியே வந்துவிட்டதைக் கவனிப்பது பிரியனி மட்டும்தான். அவன் பெருமையடித்துக்கொண்டிருக்கிறான்.

அவனை இழுத்துக்கொண்டு போன பிறகு, தனியே நிற்கும் அந்த அம்மாள் அவன் கடித்துவைத்த சாண்ட்விச்சை எடுக்கப்போய் அருவருப்போடு கையை இழுத்துக்கொள்கிறார். அவ்வளவு நேரம் காத்த நிதானம் அங்கேதான் போகிறது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதிலும் படம்பிடித்த வரிசையில் இந்த எபிசோடே முதல். 2025 செப்டம்பரில் எம்மி விருது வாங்கும்போது அவருக்கு 15 வயது. இந்த விருதை இவ்வளவு சின்ன வயதில் வாங்கிய ஆண் நடிகர் வேறில்லை.

நான்காவதைப் பலர் இழுவை என்கிறார்கள். எடியின் ஐம்பதாவது பிறந்தநாள். அவருடைய வேனில் யாரோ கெட்ட வார்த்தையை எழுத்துப் பிழையோடு கிறுக்கிவிட்டார்கள். அழிக்கப் பெயின்ட் வாங்கக் குடும்பத்தோடு கடைக்குப் போகிறார்கள். கடைப்பையன் ஒருத்தன், உங்கள் மகனுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ரகசியமாக ஆதரவு சொல்கிறான். தூற்றியவனைவிட அந்த ஆதரவாளன்தான் எனக்குப் பயமாக இருந்தான். திரும்பும் வழியில் ஜேமியின் போன் வருகிறது, குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்கிறான். அம்மாவும் அக்காவும் வேனுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. முதல் எபிசோடில் கேட்ட கேள்விக்கு அப்பாவுக்குப் பதில் வர 13 மாதம் ஆகியிருக்கிறது. வழக்கமான தொடரில் இது நீதிமன்றக் காட்சி, நீதிபதி, கூண்டு, தீர்ப்பு. இங்கே பெயின்ட் டப்பாவோடு ஒரு வேன்.

குறை ஒன்று இருக்கிறது, அது சின்னதல்ல. கேட்டி யார்? இரண்டாம் எபிசோடில் மிஷா ஃபிராங்கே அலுத்துக்கொள்கிறாள்: குற்றவாளிதான் எல்லார் நினைவிலும் நிற்பான், செத்தவளை மறந்துவிடுவார்கள் என்று. அந்த வசனத்தை எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எழுத்தாளர்கள் நினைத்துவிட்டார்களோ? கேட்டியின் தோழி ஜேட் பள்ளி மைதானத்தில் ஒரு பையன் மேல் பாய்ந்து அடிக்கிறாளே, அவள் பின்னால் கேமரா ஒரு எபிசோட் போயிருக்கலாம். ட்ரோன் பறக்கும்போது கேட்கும் பாட்டில் கேட்டியாக நடித்த பெண்ணின் குரலைச் சேர்த்திருக்கிறார்கள். அழகான யோசனைதான், ஆனால் சொன்னால்தான் தெரியும்.

பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் தன் பிள்ளைகளோடு பார்த்ததாகச் சொன்னார், பள்ளிகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடும் நடந்தது. அதிலிருந்து இதைப் பாடமாகப் பார்க்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், செல்போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தொடர் அப்படி எங்கும் சொல்லவில்லை. அடுத்த சீசன் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. மில்லர் குடும்பத்தையே திரும்பக் கொண்டுவந்தால் நான் பார்க்கமாட்டேன். வேறு ஊர், வேறு வழக்கு, இதே குழு என்றால் முதல் நாளே உட்கார்ந்துவிடுவேன், ட்ரோனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். நிறுத்தினவர்கள் இரண்டாவதைத் தாண்டிவிட்டு நேரே மூன்றாவதுக்குப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆடம் அப்பாவுக்குப் பாடம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள்.