முதலாளி என்று பெயர்!

தியாகதுருகம் வழியே, சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையிலே வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பாருங்கள். சில லாரிகள் ஓட்டுபவருக்கே சொந்தம். அவரை 'முதலாளி' என்பர். முதல் உண்டு, கடனாக! முதலாளியின் உரிமை உண்டோ?

வாடகையைப் பேசுபவர் தரகர். டீசல்மீது கலால் வரி போடுவது மத்திய அரசு. 2014 தொடக்கத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த அவ்வரி, 2020 மே மாதத்தில் 31 ரூபாய் 83 காசாயிற்று. 2021, 2022 ஆண்டுகளில் குறைத்த பின்னரும் 15 ரூபாய் 80 காசு நின்றது!

சென்னையிலே சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 46 லிட்டர். வரவோ சல்லிக்காசு இல்லை. காலி வண்டி என்று சுங்கச்சாவடி இரங்குமா? கடன் தவணைதான் காத்திருக்குமா?

அவரால் குறைக்க முடிந்த செலவு எது? தன் கூலி; தன் உறக்கம்! உறக்கம் குறைந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமா?

2018 ஜூலை 20 முதல் நாடெங்கும் லாரிகள் நின்றன. டீசல் விலை, சுங்கம், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் குறைக்கக் கோரினர். அது பிச்சையல்ல, நியாயம்! திரும்பும் டீசலும் ஓட்டுபவர் கூலியும் சேர்ந்ததே நேர்மையான வாடகை. அதற்கு வழி செய்வது ஆள்வோர் கடமை!