ஆறு முகம் காட்டும் அக்கா!

தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ், கடைசி பெஞ்ச், அரைத் தூக்கம். போன் அதிருது. பிளஸ் டூ வரைக்கும் கூடப் படிச்ச தோழி. ரெண்டு வருஷமா பேச்சே இல்லை. எடுத்ததும் 'ஹாய்' கூட கிடையாது. ''நீ ஓ பாசிட்டிவ்தானே? சாயங்காலத்துக்குள்ள வர முடியுமா?'' நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நான் பர்மிஷன் கேட்டுட்டு (சரி சரி... கேட்காமத்தான்!) பஸ் ஏறிட்டேன்.

அவங்க கேட்டது ரத்தம் இல்லை பாஸ், பிளேட்லெட். மெஷின் அதை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு மிச்சத்தை நம்ம உடம்புக்கே திருப்பி அனுப்பிடுது. ஒன்றரை மணி நேரத்துல வேலை முடிஞ்சது. பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜில வைக்கக் கூடாது. ஆட்டிக்கிட்டே இருக்கிற தட்டுல வெச்சாலும் 5 நாள்தான் தாங்கும். அதனால ஸ்டாக் வைக்க வழியில்லை. 18 வயசும் 50 கிலோவும் தாண்டின நம்மளை மாதிரி ஆளுங்களைத்தான் தேடணும்.

யாருக்குக் கொடுத்தேன்னு கடைசி வரைக்கும் அவ சொல்லவே இல்லை. சொல்லக் கூடாதாம். தன் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்னு கண்டிஷன் வேற.

டாக்டர் கனவு நீட்ல போச்சு. ''சும்மா இருக்கறதுக்கு இதையாவது படி''ன்னு அப்பா சேர்த்துவிட்டது பி.எஸ்ஸி. நர்சிங். மூணாவது வருஷம் 'குழந்தை நல செவிலியம்' பாடம். போஸ்டிங் போட்டது குழந்தைகள் புற்றுநோய் வார்டு.

''முதல் நாளே நாலு வயசுப் பையன் எட்டி உதைச்சான். யூனிஃபார்ம்னாலே ஊசின்னு அவன் கணக்கு. சீனியர் சிஸ்டர் ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி நிரப்பி அவன் கையில கொடுத்து, 'அக்காவுக்குப் போடு'ன்னாங்க. என்னை நனைச்சே எடுத்துட்டான். அப்புறம்தான் கையையே நீட்டினான்.''

அங்கே கணக்கும் உண்டு மக்களே! எல்லா மருந்தும் எடைக்கு ஏத்த அளவு. குழந்தைகளுக்கான டிரிப் செட்ல 60 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி. அதனால மணிக்கு 46 மில்லின்னா, நிமிஷத்துக்கு 46 சொட்டு. கால்குலேட்டரே வேண்டாம். இவ்வளவு அழகான யூனிட் கன்வர்ஷன் நம்ம சிலபஸ்ல இருந்திருந்தா எனக்கு அரியரே விழுந்திருக்காது.

ஆனா வலியை எந்த மீட்டர்ல அளக்கறது? அவ பாக்கெட்ல ஒரு அட்டை இருக்கு. சிரிக்கிற முகத்துல ஆரம்பிச்சு அழுகிற முகம் வரைக்கும் வரிசையா ஆறு முகம். 1983-ல அமெரிக்காவில் டோனா வோங் என்கிற நர்ஸும், கோனி பேக்கரும் உருவாக்கினது. எண் தெரியாத குழந்தைகூட விரலை வெச்சுக் காட்டிடும்.

குழந்தைகளுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் லுக்கீமியா. அதிலும் அதிகம் வர்ற வகையில, நல்ல வசதியுள்ள நாடுகள்ல பத்துல எட்டுப் பேருக்கு மேல பிழைச்சுக்கறாங்க. சிகிச்சை ரெண்டு, மூணு வருஷம் இழுக்கும். ஸ்டீராய்டு கொடுக்கிற நாட்கள்ல அகோரப் பசி... ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேட்டு அழுவாங்க. வெள்ளை அணு குறைஞ்சிருக்கிறப்போ காய்ச்சல் 100.4-ஐத் தொட்டா டாக்டரைக் கூப்பிட ஓடணும். 'காலையில பார்க்கலாம்'ங்கிற பேச்சே அங்கே கிடையாது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏழு வயசுப் பொண்ணு ஒருத்திக்கு மருந்து எதுவும் கேட்கலை. இனி வலி தெரியாம பார்த்துக்கறது மட்டும்தான்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ''உதட்டை ஈரத் துணியால நனைக்கணும், புரட்டிப் படுக்க வைக்கணும், மார்ஃபின் நேரம் தவறக் கூடாது. இன்னிக்கு ஊசி இல்லையாக்கான்னு கேட்டா. இல்லடா தங்கம்னேன். அட்டையை வாங்கி முதல் முகத்தைக் காட்டினா.'' கொஞ்ச நேரம் அவ பேசலை. ''வெள்ளிக்கிழமை போனேன்... பெட்ல புது விரிப்பு போட்டிருந்தது.''

பாத்ரூம்ல அழுதிருக்கா. சீனியர் சிஸ்டர் கதவைத் தட்டி, ''நல்லா அழுதுட்டு வா. எட்டு மணிக்குப் பக்கத்து பெட்டுக்கு மருந்து இருக்கு'' என்றாராம். அன்னிக்கு மருந்து தயாரிக்கக் கூட நின்னுட்டு, அடுத்த ரெண்டு நாள் டியூட்டிக்கே போகலை. வேற வார்டு கேட்டு லெட்டரும் எழுதினா. மூணாம் நாள் தண்ணி சிரிஞ்சுப் பையன் 'நனையற அக்கா எங்கே?'ன்னு கேட்டானாம். லெட்டர் இன்னும் நோட்டுக்குள்ளேயே இருக்கு.

இப்போ வீட்டில் வேற பஞ்சாயத்து. ''ஜெர்மன் கிளாஸ் சேரு, பி2 லெவல் முடிச்சா அங்கே வேலை, எஜுகேஷன் லோன் அடையும்'' என்கிறார் அப்பா. அவளுக்கோ ஒரு வருஷம் இங்கே வேலை பார்த்துட்டு, குழந்தை நலத்துலயே எம்.எஸ்ஸி. பண்ண ஆசை. என்னைக் கேட்டீங்கன்னா அப்பா மேலயும் தப்பு இல்லை. வட்டி அவர் தலையிலதானே ஏறுது! இதைச் சொன்னதுக்கு அவ முறைச்ச முறைப்பு இருக்கே... அந்த அட்டையில இல்லாத ஏழாவது முகம்.

டியூட்டிக்கு நேரமாச்சு. வார்டு வாசல்ல முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக்கிட்டே திரும்பினா. ''அஞ்சே நாள்தான் தாங்கும்னு சொன்னேனே... உங்க ஹாஸ்டல்ல ஓ பாசிட்டிவ் எத்தனை பேர்?''