ஒண்டுக் குடித்தனக்காரருக்கு ஓர் எழுத்து

‘டு லெட்’ பலகை தொங்கும் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் தமக்குப் போதுமென்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாடகையை விசாரிக்கிற ஏழைக் குடும்பத்துக்கு, சென்னைப் பட்டணத்தில் வாடகைத் தொகைக்கு முன்பாகவே காதில் விழுவது ‘அட்வான்ஸ் பத்து மாசம்’ என்ற வார்த்தைதான். அந்தப் பத்து எந்தச் சாசனத்தில் பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும்: 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை நிர்ணயமாகாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்று தெளிவாகவே விதித்திருந்தது; அச்சட்டம் அமலிலிருந்த காலத்திலேதான் பட்டணத்து வழக்கம் பத்து மாதமாக வளர்ந்து வேரூன்றியது.

அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவதற்காக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்திருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமாகக் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. ஆனால் ‘மாறாக உடன்படிக்கை இருந்தாலன்றி’ என்ற ஒரு சொற்றொடரையும் அந்த வாக்கியத்தின் தலையிலேயே வைத்திருக்கிறது. உடன்படிக்கையை எழுதுகிறவர் யார், தலையசைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தச் சின்ன வாசல் வழியே பத்து மாதமும் தாராளமாக உள்ளே வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் சட்டத்தில் மூன்று என்றிருக்கிறதே என்ற நிம்மதியில் இராமல், கையெழுத்துப் போடுமுன் காகிதத்தில் எத்தனை என்றிருக்கிறது என்று பார்ப்பதே விவேகம்.

காகிதம் என்று சொன்னேன். இந்த விவகாரம் முழுவதற்கும் உயிர்நாடி அதுதான். ஏழைக் குடித்தனங்களிற் பெரும்பாலானவை வாய்வார்த்தையில் நடப்பவை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிவரும் என்பதற்காகவே பதினொரு மாதக் கணக்கில் ஒரு முத்திரைத்தாளை வாங்கி எழுதி வைத்துக்கொண்டவர்கள்கூட, அதோடு காரியம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். புதிய சட்டத்திலோ, காலம் எத்தனை மாதமானாலும் வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் அதை, துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, அதற்குரிய எண்ணையும் பெற வேண்டும். வீட்டுக்காரரோ குடித்தனக்காரரோ, யாரேனும் விண்ணப்பிக்கலாம். அதற்கென்று அரசாங்கத்தின் இணையதளமும் இருக்கிறது.

‘எழுத்தில் இல்லாவிட்டால் எனக்கென்ன நஷ்டம்? வீட்டுக்காரருக்குத்தானே நஷ்டம்?’ என்று வாதிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இந்த எண்ணம்தான் அபாயகரமானது. எழுத்துமூலமான உடன்படிக்கை செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்விப்பதற்கான முதற் காரணமாகச் சட்டம் வைத்திருக்கிறது. அந்தக் காரணம் ஒன்றை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு நீதிமன்றம் ஏறிய வீட்டுக்காரர்கள் உண்டு. இருபது வருஷம் ஒரே வீட்டில் வாடகை தவறாமல் கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெண்ணுக்குக் கல்யாணமும் செய்து கொடுத்த குடும்பம், தனக்கு அங்கே ஒரு பாத்தியதை பிறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். சட்டத்தின் கண்ணுக்கோ அந்த இருபது வருஷமும் காகிதமில்லாத காலமாகவே தோன்றும். உடன்படிக்கை வேண்டாமென்று வீட்டுக்காரர் மறுப்பதற்குப் பெரும்பாலும் வரி பற்றிய பயமே காரணம். அதற்காக அவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. எழுதித்தரும்படி கேட்டு ஒரு விரைவுத் தபால் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரப்படுத்தினாலும் கேட்டதற்கு ஒரு சாட்சியம் இருக்கும்.

இரண்டாவது, வாடகை ரசீது. ரசீது தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. கேட்பது அவமரியாதை அன்று. இரண்டு மாத வாடகை நிலுவையானால் காலி செய்யச் சொல்லலாம் என்றிருப்பதால், குடித்தனக்காரரை வெளியேற்ற விரும்பும் சிலர் ஒரு தந்திரம் செய்வதுண்டு: வாடகையை நீட்டினால் வாங்க மறுத்துவிட்டு, மூன்றாம் மாதம் ‘பாக்கி’ என்பார்கள். இதற்குப் பரிகாரம் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மாதம் வாடகையை மணியார்டரில் அனுப்பிப் பார்த்து, அதையும் அவர் பெற மறுத்தால், வாடகை அதிகாரியிடமே தொகையைச் செலுத்திவிடலாம். ரொக்கமாகக் கொடுப்பதைக் காட்டிலும் வங்கிக் கணக்கிலோ ‘ஜீபே’ வழியாகவோ செலுத்துவது உத்தமம். கைப்பேசி மறந்தாலும் வங்கி மறப்பதில்லை. வாடகையை உயர்த்துவதாயிருந்தால் மூன்று மாதம் முன்னதாக எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மின்சாரக் கணக்கு வேறொரு கதை. வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசாங்கம் இலவசமாகத் தந்துகொண்டிருக்க, ஒரே இணைப்பிலிருந்து நாலு குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் பூட்டி, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிப்பது நகரங்களில் சர்வ சாதாரணம். ஏழைக்கென்று புறப்பட்ட சலுகை மாடிப்படியிலேயே நின்றுவிடுகிறது! யூனிட்டுக்கு என்ன விலை, அது எதன் அடிப்படையில் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதச் செய்வதுதான், குடிபுகுமுன் குடித்தனக்காரர் கையிலிருக்கும் ஒரே சாதனம். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேறும்படி நிர்ப்பந்திப்பதை மட்டும் சட்டம் சகிப்பதில்லை. வாடகை அதிகாரியிடம் முறையிட்டால், விசாரணை முடியுமுன்பே இடைக்கால உத்தரவு போட்டு அவற்றைத் திரும்பத் தரச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டைப் போட்டுப் பாத்திரம் பண்டங்களை வீதியில் எறிவதும் அப்படியே. காலி செய்ய உத்தரவிடுவது வாடகை நீதிமன்றத்தின் வேலை. காவல் நிலையத்தின் வேலையுமன்று, தெருப் பெரிய மனிதரின் வேலையுமன்று. சட்ட வழியில்லாமல் வெளியே தள்ளப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அனுபோகத்தை மீட்கலாமென்று 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகைத் தீர்வுச் சட்டமும் சொல்லுகிறது.

மாத வாடகைக்குப் பயந்து, நகையை விற்றும் சீட்டுப் பணத்தைத் திரட்டியும், ‘லீசு’ அல்லது ‘போக்கியம்’ என்று மூன்று லட்சம், ஐந்து லட்சத்தை மொத்தமாக ஒப்படைத்துக் குடியேறுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். போக்கியம் என்பது ஓர் அடமானம். பதிவு செய்யாத போக்கியச் சீட்டுக்கு அடமானம் என்ற பலம் இல்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பாராமலும், பணம் வாங்குகிறவர் வீட்டின் சொந்தக்காரர்தானா, இடைத்தரகரா என்று விசாரியாமலும் கொடுத்த பணம், வீட்டின்மேல் கடன் கொடுத்த வங்கி கதவைத் தட்டும் நாளில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

வாடகைக்கு அரசாங்க உதவி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு உற்சாகமான பதில் சொல்ல என்னால் இயலவில்லை. மாதச் சம்பளக்காரர், பழைய வருமான வரி முறையில், வீட்டு வாடகைப் படிக்கு விலக்குப் பெறுகிறார். அவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாள் கொடுக்கும் வாடகைக்கு அப்படியொரு சகாயமும் இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம், பழுதான குடியிருப்புகளை இடித்துக் கட்டும் காலத்தில், வெளியே வாடகைக்கு இருக்க வேண்டிய குடும்பங்களுக்கு ஒரு தொகை தருகிறது. 8,000 ரூபாயாக இருந்தது 24,000 ஆயிற்று. புதிய கட்டடம் எழும்ப இரண்டு வருஷமானால் அது மாதத்துக்கு 1,000 ரூபாய்; அந்த வாடகைக்குப் பட்டணத்தில் என்ன அகப்படும் என்பதை வாசகர்களே அறிவார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 படுக்கைகளோடு 2024-இல் திறக்கப்பட்ட குடியிருப்பும், வேலைக்குப் போகும் மகளிருக்கான ‘தோழி’ விடுதிகளும் நல்ல ஆரம்பங்கள். ஆனால் அவை தனியாக இருப்போருக்கு, குடும்பத்துக்கு அல்ல.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று இந்த உரிமைகளையெல்லாம் கைவிடுகிறவர்கள் அநேகர். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவச வக்கீல் உதவி பெற உரிமை உண்டு. ஏனையோரில் பலருக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. வாடகையை எண்ணிக் கொடுப்பதும், வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவதும் பெரும்பாலும் குடும்பத்துப் பெண்களே ஆகையால், விண்ணப்பத்தையும் அவர்கள் பெயரிலேயே கொடுக்கலாம். மாவட்டந்தோறும் நீதிமன்றத்தையொட்டிச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. போகத் தயங்குகிறவர்கள் 15100 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.