இலங்கைப் புகையிரத எஞ்சின்களும் அவற்றின் மாதிரியுருக்களும்

இரத்மலானையில் வாழ்வோர்க்குப் புகையிரதம் புதுமையன்று. கரையோரப் பாதையில் வண்டிகள் இரவும் பகலும் சென்றவண்ணம் உள்ளன. புகையிரதப் பகுதியின் பெருந்தொழிற்சாலையும் இவ்வூரிலேயே அமைந்துளது. முன்னர் மருதானையில் நடைபெற்ற பழுதுபார்க்கும் பணிகள் இங்கு மாற்றப்பட்ட காலந்தொட்டு, இந்நாட்டில் ஓடிய எஞ்சின்களுட் பெரும்பாலானவை ஒருமுறையேனும் இத்தொழிற்சாலை வாயிலைக் கடந்தனவாகும். ஆயினும் அவை எத்தகையன, யாவராற் செய்யப்பட்டன, எப்பொழுது மறைந்தன என்று வினவின் விடைகூற வல்லார் மிகச் சிலரே. அவ்வினாக்களுக்கு விடைகாணும் முயற்சியினையும், கண்டதனைச் சிறிய உருவில் மீளச் செய்துவைக்கும் கலையினையும் பற்றி இக்கட்டுரை கூறும்.

மாதிரியுரு என்றவுடன் குழந்தைகளின் விளையாட்டு வண்டியே பலர்க்கும் நினைவில் எழும். விளையாட்டு வண்டிக்கு ஓடினாற் போதும். மாதிரியுருவோ ஒரு குறித்த எஞ்சின் ஒரு குறித்த ஆண்டில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருத்தல் வேண்டும். ஆதலின் அதனைச் செய்வோன் முதலில் ஆராய்ச்சியாளனாகவும் பின்னரே கைவினைஞனாகவும் அமைகின்றான். ஏட்டில் "ஏறக்குறைய" என்று எழுதித் தப்பிவிடலாம். பித்தளைத் தகட்டை வெட்டும்பொழுது அச்சொல் பயன்படாது. கொதிகலனின் மேலுள்ள ஆவிக்கூடு எவ்வளவு உயரம் என்பதற்கு ஓர் எண் வேண்டும்.

இக்கலையில் இலங்கைக்கு உற்ற துணையாகக் காட்டத்தக்க நாடு அயர்லாந்து ஆகும். அதுவும் ஒரு தீவு. அங்கும் பிரித்தானியாவின் இடையகலத்தினின்றும் வேறான பாதையே போடப்பட்டது. அங்கும் எஞ்சின் வகைகள் பல, ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை சில. ஆதலாற் பெருவணிகர் நெடுங்காலம் அவற்றைக் கவனித்திலர். டப்ளினிலுள்ள இஞ்சிக்கோர்த் தொழிற்சாலையிற் பணிபுரிந்த சிறில் பிரை என்பார், அலுவலக வரைபடங்களைத் துணைக்கொண்டு அந்நாட்டு வண்டிகளைத் தம் கையாற் செய்து சேர்த்தார். அத்தொகுதி இன்று டப்ளினுக்கு அண்மையிலுள்ள மலகைட் என்னுமிடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. மூல வண்டிகள் பல உருக்கப்பட்டுவிட்டன. தொழிற்சாலையிற் பணிசெய்தவரே மாதிரியுருவும் செய்தமை அந்நாட்டின் பேறு. இரத்மலானையில் அத்தகைய ஒருவர் தோன்றியிருப்பின் நம் பணி எவ்வளவோ எளிதாயிருக்கும்.

இனி அளவினை நோக்குவாம். இலங்கை அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். அயர்லாந்தில் 5 அடி 3 அங்குலம். இங்கிலாந்தில் 4 அடி 8½ அங்குலம். ஆங்கில முறையைப் பின்பற்றும் மாதிரியுருவாளர் பலர் மெய்ப்பொருளின் ஓரடியை 4 மில்லிமீற்றராகக் கொள்வர். அஃதாவது ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. இவ்வளவுத்திட்டத்தில் இலங்கைப் பாதை 22 மில்லிமீற்றரும், அயர்லாந்துப் பாதை 21 மில்லிமீற்றரும், இங்கிலாந்துப் பாதை 18.83 மில்லிமீற்றரும் ஆகும். கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் அகலமே உடையது. அஃது இங்கிலாந்துக்கே குறைவு. இலங்கை எஞ்சினை அதன்மீது நிறுத்தினால் 5.5 மில்லிமீற்றர் குறைபடும். மெய்யளவில் இஃது ஓரடி நாலரை அங்குலம். பருத்த உடலையுடைய ஒருவன் மெலிந்த கால்களின்மேல் நிற்பது போன்ற தோற்றமே அதனால் உண்டாகும். அயர்லாந்து டீசல் எஞ்சின்களுக்கு ஆயத்தமாக விற்கப்படும் நல்ல மாதிரியுருக்கள் அண்மைக் காலத்தில் வந்துளவேனும், அவையும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதையிலேயே ஓடுகின்றன. செவ்விய அளவை விரும்புவோர் தண்டவாளத்தையும் அச்சுக்களையும் தாமே செய்துகொள்ளல் வேண்டும். நான் அவர்கள் பக்கத்தினன். பாதை பிழைத்தாற் சில்லுகள் பிழைக்கும். சில்லுகள் பிழைத்தால் அவற்றின் மேலுள்ள யாவும் உள்ளொடுங்கும்.

களனிப் பள்ளத்தாக்கிலே 1990களில் அகலப்பாதையாக மாற்றப்படும்வரை இருந்த 2 அடி 6 அங்குலப் பாதைக்கு இவ்விடர்ப்பாடு சிறிது குறைவு. கணக்கின்படி 10 மில்லிமீற்றர் வேண்டும். கடையிற் கிடைப்பது 9. நானுஓயாவிலிருந்து இராகலைக்குச் சென்று 1940களில் மூடப்பட்ட மலைப்பாதையும் இவ்வகலத்ததே.

அகலத்தில் நமக்கு நேர்ந்த இழப்பை வளைவு ஈடுசெய்கின்றது. இதனைப் பலர் எண்ணிப் பார்த்திலர். பிரித்தானியப் பெரும்பாதைகளின் வளைவுகள் மிக விரிந்தவை. 20 சங்கிலி ஆரையுடைய வளைவைக்கூட 4 மில்லிமீற்றர் அளவுத்திட்டத்தில் அமைக்க 5 மீற்றருக்கு மேற்பட்ட ஆரை வேண்டும். எந்த வீட்டில் அத்தகைய அறை உண்டு? ஆதலின் அங்குள்ளோர் வளைவுகளைக் குறுக்கிப் பொய்யாகவே அமைப்பர். நம் மலைநாட்டுப் பாதையிலோ நாவலப்பிட்டிக்கு மேல் 5 சங்கிலி ஆரையுடைய வளைவுகள் உள. 5 சங்கிலி 330 அடி. மாதிரியில் 1,320 மில்லிமீற்றர். பத்தடி அகலமான அறை ஒன்றில் முழு வட்டமே சுற்றிவரலாம். உலகில் மிகச் சில பெரும்பாதைகளையே இவ்வாறு குறுக்காமல் வீட்டினுள் அமைத்தல் இயலும். ஏற்றமும் அவ்வாறே: 44க்கு 1 என்னும் சரிவு, மாதிரியில் மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 23 மில்லிமீற்றர் உயர்வாகும். பட்டிப்பளையில் 6,226 அடி உயரத்தை எட்டும் அப்பாதையின் கடுமையைக் கண்ணாற் கண்டறிய இதனினும் சிறந்த பாடம் இல்லை. சிறிய மின்னோடி பூட்டிய மாதிரி எஞ்சினும் அவ்வேற்றத்திலே நாலைந்து பெட்டிகளுடன் திணறும்.

அக்கடுமையே கறற் எஞ்சின்களை இந்நாட்டுக்குக் கொணர்ந்தது. பெரும் பாரத்தை இழுக்கச் சில்லுகள் பல வேண்டும். பல சில்லுகளை ஒரே சட்டத்தில் வரிசையாகப் பூட்டினால் 5 சங்கிலி வளைவில் அவை திரும்பா. இம்முரண்பாட்டைத் தீர்க்கக் கறற் முறையில் இரண்டு எஞ்சின் தொகுதிகளை முன்னும் பின்னும் நிறுத்தி, இடையிலே கொதிகலனைத் தொட்டில்போல் தாங்கும் ஒரு சட்டத்தை இரு முனைகளிலும் சுழல்முளையிற் பொருத்துவர். வளைவில் இரு தொகுதிகளும் தத்தம் போக்கில் திரும்பும். கொதிகலன் அவற்றிடையே நாண்போல் நிற்கும். கீழே சில்லுகள் இல்லாமையாற் கொதிகலனை வேண்டிய அளவு பருமனாகவும் செய்யலாம். மாஞ்செஸ்ரர் நகரத்துப் பேயர் பீக்கொக் கம்பனியார் 1927இல் இத்தகைய எஞ்சின் ஒன்றையும், 1945இல் எட்டினையும் இலங்கை அகலப்பாதைக்கு அனுப்பினர். ஒவ்வொரு தொகுதியிலும் முன்னே இரண்டு, நடுவே இயக்குசில்லு ஆறு, பின்னே இரண்டு, இவ்வாறு இருமடங்கு. மாதிரியுரு செய்வோர்க்கு இது கடினமெனத் தோன்றும். உண்மையில் இரு சிறு எஞ்சின்களையும் ஒரு கொதிகலனையும் தனித்தனியே செய்து பொருத்துதலே வேலை.

சான்றுகள் எங்குள? 1925இல் வெளிவந்த ஜி. எப். பெரேராவின் இலங்கைப் புகையிரத வரலாறு, 1864 டிசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு வண்டி சென்றது தொடங்கிப் பாதைகள் வளர்ந்த முறையை விரித்துரைக்கும். பொது முகாமையாளரின் ஆண்டறிக்கைகள் எந்த ஆண்டில் எத்தனை எஞ்சின்கள் வந்தன, எவை கழிக்கப்பட்டன என்பவற்றைத் தரும். பேயர் பீக்கொக் கம்பனியின் வரைபடங்களும் பதிவேடுகளும் மாஞ்செஸ்ரர் அறிவியல், கைத்தொழில் அரும்பொருளகத்திற் பேணப்படுகின்றன. மெய்யுருக்கள் சிலவும் எஞ்சியுள. கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட அரும்பொருளகத்திற் பல உள. தேசாதிபதிகளின் பெயர் தாங்கிய "சேர் தோமஸ் மெயிற்லண்ட்", "பிரெடெரிக் நோத்" என்னும் பீ 1 வகை எஞ்சின்களும், களனிப் பாதையில் ஓடிய 331ஆம் இலக்கச் சென்ரினல் நீராவிக் காரும் காக்கப்பட்டுள்ளன.

எனினும் வரைபடத்தை முழுதும் நம்புதல் தகாது. அது கம்பனி செய்ய எண்ணியதைக் காட்டுமேயன்றி, இரத்மலானையில் இருபது ஆண்டுகளின் பின் இருந்த நிலையைக் காட்டாது. கொதிகலன் மாறும், புகைபோக்கி மாறும், சாரதியின் கூரை நீளும். இவ்விடத்தில் நிழற்படமே நடுவனாகும். ஒரு சில்லின் விட்டம் தெரிந்திருப்பின், பக்கவாட்டில் எடுத்த படத்திலே அச்சில்லை அளந்து, அவ்விகிதத்தால் ஏனைய உறுப்புக்களின் நீளத்தைப் பெறலாம். நேர்முன்னே எடுத்த படத்தில் 5 அடி 6 அங்குலப் பாதையே அளவுகோலாகும். ஆண்டினை அறியவும் குறிப்புக்கள் உண்டு. "சி. ஜி. ஆர்." என்னும் எழுத்துக்கள் 1972இல் நாட்டின் பெயர் மாறுவதற்கு முற்பட்ட தீந்தையைச் சுட்டும், ஆனாற் பழைய தீந்தை புதுப்பெயரின் கீழும் சிலகாலம் நின்றிருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. நிறத்தைப் பற்றியோ மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முற்காலப் படச்சுருள்களிற் பல செந்நிற ஒளியை உணராதவை. செம்மண்ணிறப் பெட்டி அவற்றிற் கரிய பெட்டியாகவே விழும். படத்தைக் கண்டு கறுப்பென்று தீர்மானித்தல் ஏமாற்றத்தில் முடியும்.

டீசல் எஞ்சின்களும் வரலாற்றுப் பொருளாகிவிட்டன. 1934இல் ஆம்ஸ்றோங் விற்வேத் கம்பனியார் செய்த 500ஆம் இலக்க எஞ்சின், 1938இல் வந்த "சில்வர் போம்", "சில்வர் ஸ்பிறே", "சில்வர் மிஸ்ற்" என்னும் வண்டித் தொடர்கள் ஆகியவற்றை விடுத்து, 1950களுக்கு வருவாம். இலங்கையரான பி. டி. ரம்பாலா புகையிரதப் பகுதியை நடத்திய அக்காலத்தில் நீராவி பின்தள்ளப்பட்டது. பிரஷ் பாக்னல் கம்பனியார் அனுப்பிய எம் 1 வகை எஞ்சின்கள் 25. பிற்காலத்தில் பிரித்தானியப் புகையிரதத்திற் பேர்பெற்ற பிரஷ் எஞ்சின் வகைக்கு அவையே மூலம் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. வழக்கமாக இங்கிலாந்தில் ஓடியது பின்னரே இங்கு வரும். ஈண்டு முறை மாறிற்று. 1954இற் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த எம் 2 வகை எஞ்சின்கள் "ஒன்ராறியோ", "அல்பேட்டா" என அந்நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கின.

அவ்வகையைச் சேர்ந்த 591ஆம் இலக்க "மனிற்றோபா"வை மாதிரியுருவாகச் செய்ய விழைவோன் எந்நாளைத் தெரிந்துகொள்வான்? 2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலை கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கி இரத்மலானையைக் கடந்து சென்றது அவ்வெஞ்சின். பெரலியவில் ஆழிப்பேரலை அவ்வண்டியைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எஞ்சின் பின்னர் மீட்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டு, 2008இல் மீண்டும் ஓடியது. எந்நிலையிற் செய்யினும், அதன் முன்னே நிற்போர் அந்நாளையே நினைப்பர். அதன் பின்னே பூட்டும் பெட்டிகளை அளவு பிசகாமற் செய்தல் வேண்டுமென்பதற்கு வேறு காரணம் கூறவேண்டியதில்லை.

வடபாதையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1905இற் காங்கேசன்துறையை எட்டிய அப்பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடியது. 1990இற் போர் அதனை நிறுத்தியது. வவுனியாவுக்கு அப்பால் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. நிலையக் கட்டடங்கள் சிதைந்தன. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டது. எனினும் இன்றுள்ளவை பெரும்பாலும் புதிய தண்டவாளமும் புதிய கட்டடமும் ஆம். பழைய கொடிகாம நிலையத்தின் மேடைக்கூரையைத் தாங்கிய தூண்கள் எத்தனை, சமிக்ஞைக் கம்பம் எப்பக்கம் நின்றது என்பவற்றை நேரிற் சென்று இனி அளத்தல் இயலாது.

அவ்விடைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீட்டு அலுமாரிகளிலே கிடத்தல் கூடும். புகையிரதப் பகுதியிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழர் பலர் அவ்வூர்களில் வாழ்ந்தனர். சிலர் இன்றும் வாழ்கின்றனர். மணமக்களை வழியனுப்ப மேடையில் எடுத்த படத்திற் சுற்றத்தார் முகங்களே முதன்மையாகத் தோன்றும். ஆயின் அவர்தம் தோள்களுக்குப் பின்னே பெட்டியின் யன்னற் சட்டமும், கதவின் கைபிடியும், பாதி மறைந்த எஞ்சின் இலக்கமும் தெரிதல் உண்டு. தந்தை இறந்தபின் வீடு மாறுங்கால் முதலில் எறியப்படுவன இப்படங்களே. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் படத்திலுள்ளோர் யாரென்றே தெரியாது.

மாணவர் இதிற் செய்யத்தக்கது எளிது. படத்தை ஒளிவருடியில் உயர்ந்த நுண்மையுடன் பிரதி செய்க. ஓரத்தை வெட்டி முகங்களை மட்டும் பெரிதாக்கற்க, வேண்டுவது பெரும்பாலும் ஓரத்திலேயே இருக்கும். படத்தின் பின்புறத்திலே மை எழுதினால் முன்னே ஊறும். மென்மையான பென்சிலால் அழுத்தாது எழுதுக. நிலையத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர், படத்தில் நிற்போர் ஆகிய நான்கும் போதும். ஆண்டு திட்டமாகத் தெரியாவிடின் எவருடைய திருமணம் என்று எழுதுக. அதிலிருந்து ஆண்டினைக் கண்டுகொள்ளலாம்.