ஒரு பேசினுக்குள் இரணைமடு! தெரியுமா?

"என்ன ரீச்சர், பிள்ளை தெப்பமா நனைஞ்சு வந்து நிக்குது?"

வன்னியில் எந்த முன்பள்ளி ரீச்சரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. கேட்கிற அம்மாவின் ஊரைக் கேட்டுப் பாருங்கள். செட்டிகுளம்! கனகராயன்குளம்! விசுவமடு! நெடுங்கேணி! தண்ணிமுறிப்பு! தண்ணீரூற்று! குளம், மடு, கேணி, முறிப்பு, ஊற்று என்று ஊருக்கு ஊர் தண்ணீரின் பெயரைச் சூட்டிக்கொண்ட மண்ணில், மூன்று வயசுப் பிள்ளை பேசினுக்குள் கை விட்டால் மட்டும் குற்றமா? அந்தப் பேசினுக்குள் என்னென்ன அதிசயம் கிடக்கிறது தெரியுமா? ரீச்சரின் பொறுமை தீராமல் அதை விளையாட்டாக்கும் வழி தெரியுமா?

அடித்துளைதான் ஆக வேகமாகப் பீச்சும், தெரியுமா?

வெறும் பிளாஸ்ரிக் போத்தலில் மேலே, நடுவே, கீழே என மூன்று துளை போடுங்கள். தண்ணீரை நிரப்பிவிட்டுப் பாருங்கள். மேல்துளை சோம்பலாக வடியும். அடித்துளை சீறிப் பாயும்! ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். குளக்கட்டு மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் இருப்பதன் இரகசியம் இதுதான். கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடு, வடமாகாணத்தின் ஆகப் பெரிய குளம். அதன் கட்டுக்கும் இந்தப் போத்தலுக்கும் ஒரே விதி! மண்ணில் சின்னக் கட்டுப் போட்டு, துரிசுக்கு ஒரு பப்பாசிக் குழல் செருகிக் கொடுங்கள். பிள்ளை அரை மணித்தியாலத்துக்கு உங்களைத் தேடாது.

உயரமான குவளையில் தண்ணீர் 'கூடிவிடும்', தெரியுமா?

ஒரே அளவான இரண்டு கோப்பைத் தண்ணீரை நாலு வயசுப் பிள்ளைக்குக் காட்டுங்கள். "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லும். ஒன்றை அதன் கண் முன்னாலேயே ஒடுங்கிய, உயரமான குவளைக்குள் ஊற்றுங்கள். இப்போது கேளுங்கள். "இதிலதான் கூட!" சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே உலகுக்குக் காட்டிய அதிசயம் இது. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏறத்தாழ ஏழு வயசளவில்தான் பிடிபடுகிறதாம். சிரட்டையால் ஊற்றி ஊற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த அறிவு விளையாட்டோடு விளையாட்டாகச் சேர்கிறது.

தண்ணீரில் தாழும் மரம் இருக்கிறது, தெரியுமா?

மரம் என்றால் மிதக்கும் என்றுதானே நினைக்கிறோம்? கருங்காலியின் வைரத் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கல்லுப் போல அடியில் போய்க் கிடக்கும்! பக்கத்தில் முழுத் தேங்காய் ஒன்று ஒய்யாரமாக மிதக்கும். பெரிசு மிதக்குது, சின்னன் தாழுது! வாய் பிளந்து நிற்கிற பிள்ளைக்கு உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். "ஏன்?" என்று அது கேட்கட்டும்.

சேம்பிலையை நனைக்கவே முடியாது, தெரியுமா?

சேம்பிலையிலும் தாமரை இலையிலும் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும். இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் ஆயிரமாயிரம். துளி அந்த மேடுகளின் உச்சியில் நிற்கிறது, இலையைத் தொடுவதே கொஞ்சம்தான். போகிற போக்கில் தூசியையும் அள்ளிக்கொண்டு போகும்! ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும், தரை நனையாது, உடுப்பும் தப்பும்.

சதுர வளையத்தில் ஊதினாலும் குமிழி உருண்டைதான், தெரியுமா?

கம்பியைச் சதுரமாக வளைத்துச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஊதுங்கள். பிரிந்து பறக்கும் குமிழி உருண்டையாகவே இருக்கும். ஆகக் குறைந்த பரப்புக்குள் தன்னை இழுத்துச் சுருக்கிக்கொள்வது நீர்ப்படலத்தின் குணம். ஒரே ஒரு கவனம்: சீமெந்துத் தரையில் வேண்டாம், வழுக்கும். மணல் முற்றத்தில் வையுங்கள்.

விரல் சுருங்குவது நரம்பின் வேலை, தெரியுமா?

தண்ணீரில் ஊறியதால் தோல் சுருங்குகிறது என்றுதான் அம்மம்மா சொன்னார். ஆனால் நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள்! நரம்பு கட்டளையிட, இரத்தக் குழாய்கள் ஒடுங்கி, தோல் உள்வாங்குகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2013 இல் வெளியான ஆய்வில், சுருங்கிய விரல்கள் ஈரமான மாபிள்களை இன்னும் வேகமாக எடுத்து வைத்தன. வண்டிச் சில்லுக்கு வரி போட்டதுபோல ஒரு பிடி!

சோளகக் காற்றே அழிறப்பர், தெரியுமா?

கோடையில் கிணறு அடிதட்டும் காலத்தில் தண்ணீர் விளையாட்டா? ஆம்! அரைக் கோப்பைத் தண்ணீரும் ஒரு தூரிகையும் கொடுத்துச் சுவரில் கீறச் சொல்லுங்கள். யானை, வீடு, உழவு மெசின் எல்லாம் ஈரமாய்த் தோன்றும். சோளகம் அடிக்க, பார்த்துக்கொண்டிருக்கவே மறையும்! "ஆனை எங்க போட்டுது?" அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடும்.

வாளி ஒரு மிருகம், தெரியுமா?

இங்கே கொஞ்சம் மூச்சு விடுங்கள். 10 லீற்றர் தண்ணீர் 10 கிலோ. நாலு வயசுப் பிள்ளையின் எடையே ஏறக்குறைய 16 கிலோதான். அதனால் வாளி வேண்டாம், சிரட்டையும் சின்னப் பேணியும் போதும். இன்னும் பெரிய காரணம் ஒன்று: சின்னப் பிள்ளைக்குத் தலைப்பாரம் அதிகம். தலைகீழாய் வாளிக்குள் விழுந்தால் தானாக எழும்ப முடியாது. 5 சென்ரிமீற்றர் தண்ணீரே போதும், சத்தமே வராது. ரீச்சர் ஃபோன் எடுக்கப் போனால் பேசின் கவிழ்ந்திருக்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும் வேண்டும்.

பங்களாதேசில் வீட்டுக்கு வீடு குளம். அம்மாமார் வேலையில் இருக்கும் காலை நேரத்தில்தான் ஆபத்து. அதற்காகவே கிராமங்களில் பகல் பராமரிப்பு நிலையங்கள் தொடங்கினார்கள். பெயர் 'ஆஞ்சல்'. பொருள் என்ன தெரியுமா? சேலை முந்தானை! அந்த முந்தானைக்குள் இருந்த பிள்ளைகள் நீரில் மூழ்குவது வெகுவாகக் குறைந்தது. இப்படிப்பட்ட நிலையங்களை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

விட்டு வைத்த பேசின் நுளம்புக்குத் தொட்டில், தெரியுமா?

டெங்கு நுளம்பு தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான் தேடும். முட்டை ஒன்று வாரம் பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும்! ஆகவே விளையாட்டு முடிந்ததும் பேசினைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

துடைப்பதும் விளையாட்டுத்தான், தெரியுமா?

1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரால் வருடக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர் மரியா மொண்டிசோரி. அவருடைய முறையில் தண்ணீர் ஊற்றப் பழகுவது ஒரு பாடம். சிந்தியதை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுப்பதும் அதே பாடத்தின் பாதி! அப்படியானால் வேலை எவ்வளவு லேசு பாருங்கள். மாமர நிழலில், மணலில், விரித்த சாக்கின் மேல் ஒரு பேசின். ஒரு தடவைக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்கொரு பழந்துணி, பையில் ஒரு மாற்றுடுப்பு, கொடியில் ஒரு துவாய். "சிந்தாதே" என்பதற்குப் பதில் "தண்ணி பேசினுக்குள்ள இருக்கட்டும்". சிந்தினால் சிந்தினவரே துடைப்பார். சொல்லிப் பாருங்கள், துடைப்பதற்கும் அடிபடுவார்கள்!

கடைசியாக, பேசின் நிரம்பி விளிம்பால் வழியும்போது கொஞ்சம் காது கொடுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் கதவுகள் திறந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த ஏதோவொரு வாண்டு கட்டாயம் கத்தும்: "ரீச்சர், வான் பாயுது!"

வழிகிற தண்ணீரை வாழையடிக்குத் திருப்பிவிடுங்கள்.